ஆய்க்குடிக்கும் மத்தளம்பாறைக்கும் நடுவே

தென்காசி மாவட்டத்தில், குற்றாலத்திலிருந்து பஸ்ஸில் எட்டும் தூரத்தில் இரண்டு ஊர்கள் இருக்கின்றன. ஒன்று மத்தளம்பாறை. ஜோஹோ நிறுவனத்தின் மென்பொருள் வளாகம் அந்தக் கிராமத்தில் இயங்குவதும், அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு அமெரிக்க வாழ்க்கையை விட்டு 2019இல் அங்கேயே வந்து குடியேறியதும் நாடறிந்த செய்தி. இன்னொன்று ஆய்க்குடி. பக்தர்களுக்கு அது பாலசுப்பிரமணிய சுவாமி கோயில் இருக்கும் ஊர். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளை வளர்க்கும் குடும்பங்களுக்கு அமர் சேவா சங்கம் இருக்கும் ஊர்.

ஓர் ஊரில் தொழில்நுட்ப வேலை இருக்கிறது. இன்னோர் ஊரில் மாற்றுத்திறனாளிகளைத் தொழிலுக்கு ஆயத்தப்படுத்திய நாற்பதாண்டு அனுபவம் இருக்கிறது. இரண்டையும் சேர்ப்பதற்கு என்ன தேவை என்று கேட்டால், 'இன்னும் நிறைய கணினிப் பயிற்சி மையங்கள்' என்பதே பலரும் சொல்லும் பதில். அந்தப் பதில் போதாது என்பது என் கருத்து. தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகளுக்குப் பயிற்சிச் சான்றிதழ் கிடைப்பது அரிதல்ல. அந்தச் சான்றிதழ் எந்த வேலைக்கானது, அதைத் தயாரித்தபோது வேலை கொடுப்பவர் எங்கே இருந்தார் என்ற இரண்டு கேள்விகளில்தான் சிக்கல் இருக்கிறது.

ஆய்க்குடியின் கதை ஒரு விபத்தில் தொடங்குகிறது. பொறியியல் மாணவராக இருந்த எஸ். ராமகிருஷ்ணன் 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வுக்காகப் பெங்களூர் போனார். அங்கே நடந்த உடல்திறன் சோதனையில் கீழே விழுந்து தண்டுவடம் பாதிக்கப்பட்டது. கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. ராணுவ மருத்துவமனையில் அவரைக் கவனித்துக்கொண்ட மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹல். 1981இல் தன் சொந்த ஊரில் போலியோ பாதித்த பிள்ளைகளுக்காக ஒரு சின்னப் பள்ளியைத் தொடங்கியபோது, ராமகிருஷ்ணன் அந்த மருத்துவரின் பெயரையே அமைப்புக்கு வைத்தார். அந்த ஆண்டு ஐக்கிய நாடுகள் சபை அறிவித்த சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டு. தசைச் சிதைவு நோயோடு சென்னையில் ஆடிட்டராகத் தொழில் நடத்திவந்த எஸ். சங்கரராமன் 1992இல் ஆய்க்குடிக்கு வந்து சேர்ந்தார். சக்கர நாற்காலியில் இருக்கும் இந்த இருவரும் சேர்ந்து ஒரு வளாகத்தை எழுப்பினார்கள். ராமகிருஷ்ணனுக்கு 2020இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

விருதைவிட நாம் கவனிக்க வேண்டியது அந்த வளாகத்தில் காரியங்கள் அமைந்திருக்கும் வரிசை. குழந்தைகளுக்கான ஆரம்பநிலைச் சிகிச்சை, பிசியோதெரபி, கைகால்களுக்கான உபகரணங்கள் செய்யும் பட்டறை, பள்ளி, தண்டுவடம் பாதித்தவர்களுக்கான மறுவாழ்வு மையம், இவற்றோடு சேர்த்துத்தான் தையலும் கணினியும் கற்றுத்தரும் தொழிற்பயிற்சி. உடம்பைத் தாங்கி நிறுத்திய பிறகே தொழில். கணினி வகுப்பை மட்டும் தனியாகப் பிய்த்து எடுத்து ஒரு வாடகைக் கட்டடத்தின் மாடியில் நடத்தும் பழக்கம் ஊர் ஊராக இருப்பதால், இந்த வரிசையின் அருமை எளிதில் கண்ணில் படுவதில்லை.

தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கு வாய்த்த 'தொழில்நுட்ப' வேலைகளைக் காலவரிசையில் பார்த்தால் ஒன்று உறைக்கும். முதலில் டைப்ரைட்டிங். ஹையர் பாஸ் செய்தால் அரசு அலுவலகத்தில் வேலை என்று இன்ஸ்டிட்யூட்டுக்குப் போனார்கள். பிறகு எஸ்.டி.டி. பூத். 1980களின் பிற்பகுதியிலிருந்து பொதுத் தொலைபேசி நிலைய ஒதுக்கீட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை இருந்தது. மஞ்சள் பலகை, கண்ணாடி அறை, பில் அடிக்கும் சின்ன இயந்திரம், வாசலில் மூன்று சக்கர வண்டி: நாற்பது வயதைத் தாண்டிய எந்தத் தமிழருக்கும் அந்தக் காட்சி நினைவிருக்கும். எத்தனையோ குடும்பங்களில் அந்த பூத்தான் அடுப்பை எரிய வைத்தது. கைபேசி வந்ததும் சில ஆண்டுகளில் பூத்துகள் சத்தமின்றி மூடப்பட்டன. அடுத்து டி.டி.பி. மையம்: கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், ஜெராக்ஸ். அதற்கடுத்து டேட்டா என்ட்ரி, மருத்துவர் பேசியதைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன், பி.பி.ஓ. பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் தேறத் தேற டிரான்ஸ்கிரிப்ஷன் சுருங்கியது. ஸ்கேன் செய்த தாளை இயந்திரமே படிக்கத் தொடங்கியதும் டேட்டா என்ட்ரி சுருங்கியது.

ஒவ்வொரு முறையும் நடந்தது ஒன்றுதான். ஒரு வேலை செழிப்பாக இருந்து, அது எல்லார் கண்ணிலும் பட்டு, அதற்குப் பாடத்திட்டம் எழுதி, நிதி ஒதுக்கி, மையம் திறந்து, ஆட்களைச் சேர்த்து, முதல் அணி சான்றிதழோடு வெளியே வரும்போது அந்த வேலை கரையத் தொடங்கியிருக்கும். மற்றவர்களுக்கும் இப்படி நடப்பதுண்டு. ஆனால் கால் திடமாக உள்ளவர் அடுத்த ஊருக்கு, அடுத்த வேலைக்கு மாறிக்கொள்கிறார். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு அடுத்த ஊர் என்பதே பெரிய ஏற்பாடு. இன்றும் எம்.எஸ். ஆபீஸ், டேலி, தட்டச்சு என்ற மூன்றோடு முடியும் பயிற்சியை 'தொழில்நுட்பப் பயிற்சி' என்று அழைப்பது அந்த இளைஞருக்குச் செய்யும் நியாயமல்ல. அலுவலக வேலைக்கு அது அடிப்படை, அதில் மறுப்பில்லை. அதுவே முழுப் பயிற்சியாகிவிடாது.

மாறியது வேலை மட்டுமல்ல, பயிற்சிக்கு வருபவர்களும் மாறிவிட்டார்கள். 1981இல் ஆய்க்குடிக்கு வந்தவர்கள் போலியோ பாதித்த பிள்ளைகள். போலியோ பெரும்பாலும் காலைத் தாக்கும். பெரும்பாலோருக்குக் கையும் பேச்சும் பார்வையும் கேட்கும் திறனும் தெளிவாக இருக்கும். அவர்களுக்குத் தோதான மேசையும் நாற்காலியும் இருந்தால் எந்த அலுவலக வேலைக்கும் அவர்கள் தயார். நம் ஊர்களில் தொழிற்பயிற்சியின் வார்ப்பே அந்தத் தலைமுறையை மனதில் வைத்து உருவானது. இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸால் பாதிக்கப்பட்ட கடைசி நோயாளி இந்தியாவில் 2011 ஜனவரியில் பதிவானார். 2014இல் நாடு போலியோ இல்லாததாகச் சான்று பெற்றது. இன்று வருபவர்களில் மூளை முடக்குவாதம், தசைச் சிதைவு, சாலை விபத்தில் தண்டுவடம் முறிந்தவர்கள், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு என்று பல வகையினர் உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைக் கணக்கில் கொள்கிறது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்தவை ஏழு. ஒரே வகுப்பறை, ஒரே நேர அட்டவணை, ஒரே தேர்வு என்ற பழைய வார்ப்பில் இவர்களை அடைக்க முடியாது.

தண்டுவடம் பாதித்த ஓர் இளைஞர் கணினி வகுப்பில் உட்கார்வதை எடுத்துக்கொள்வோம். பாதிப்பு கழுத்துப் பகுதியில் என்றால் விரல்கள் மடங்கி நிற்கும். மணிக்கட்டை மட்டும் தூக்க முடியும். உள்ளங்கையில் ஒரு பட்டையைக் கட்டி, அதில் ரப்பர் முனை வைத்த குச்சியைச் செருகி, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுகிறார். இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்த வேண்டிய இடத்தில் திண்டாடக் கூடாது என்பதற்காக விண்டோஸிலேயே 'ஸ்டிக்கி கீஸ்' என்ற வசதி உண்டு: ஷிப்டை ஒருமுறை தட்டி விட்டுவிட்டு, பிறகு அடுத்த விசையைத் தட்டலாம். காசு கொடுத்து வாங்கவேண்டிய எதுவும் இல்லை; பயிற்றுநருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே. அதே இளைஞருக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாததால் ஒரே இடத்தில் அழுத்தி உட்கார்ந்தால் படுக்கைப்புண் வரும். கால் மணிக்கோ அரை மணிக்கோ ஒருமுறை உடலைச் சாய்த்தோ தூக்கியோ அழுத்தத்தை மாற்றவேண்டும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை கதீட்டர் போட்டுச் சிறுநீர் வெளியேற்ற வேண்டும். அதற்குச் சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறை வேண்டும். அது இல்லாத மையத்தில் அவர் என்ன செய்வார்? காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வருவார். சில வாரத்தில் சிறுநீர்த் தொற்று. அதன்பின் வகுப்புக்கு வரமாட்டார். வருகைப் பதிவேட்டில் 'இடைநின்றவர்' என்று எழுதப்படும். அவருக்கு ஆர்வமில்லை என்று முடிவு கட்டுவார்கள். காரணம் ஒரு கதவின் அகலம்.

போக்குவரத்தும் இப்படித்தான். மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு பஸ்ஸில் பயணச் சலுகை அட்டை தமிழ்நாட்டில் பல ஆண்டுகளாக உண்டு. பாராட்டத்தக்க திட்டம். ஆனால் தென்காசிப் பக்கத்து டவுன் பஸ்ஸின் படியில் சக்கர நாற்காலி ஏறாது. தாழ்தளப் பேருந்துகள் நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கி, 2024இல்தான் சென்னைச் சாலைகளுக்குப் புதிய வரிசையாக வந்தன. கிராமத்துக்கு அவை எப்போது வரும் என்பதைப் பொறுத்து ஓர் இளைஞரின் வாழ்க்கை நிற்கக் கூடாது. பயிற்சி நடக்கும் இடத்திலேயே தங்கும் வசதி என்ற ஆய்க்குடி வழிமுறை இந்தப் பக்கத்துக்குப் பொருந்துவது இதனால்தான்.

பார்வையற்றோருக்கான கணினிக் கல்வி இன்னொரு உலகம். திரையில் இருப்பதைக் குரலாகச் சொல்லும் மென்பொருள்களில் பழையது 'ஜாஸ்'. மோட்டார் சைக்கிள் பந்தய வீரராக இருந்து 1978இல் விபத்தில் பார்வையிழந்த டெட் ஹென்டர் தொடங்கிய நிறுவனம் அதை உருவாக்கியது. அதன் விலை நம் குடும்பங்களுக்கு எட்டாதது. 2006இல் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் 'என்.வி.டி.ஏ.' என்ற இலவச மென்பொருளை எழுதத் தொடங்கினார். பிறகு அவரோடு ஜேம்ஸ் டே சேர்ந்தார், அவரும் பார்வையற்றவர். இன்று தமிழ்நாட்டின் ஒரு கிராமத்துப் பிள்ளை கையில் பைசா இல்லாமல் கணினியைக் கேட்டுப் பழக முடிகிறது என்றால் அந்த இருவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். இதில் மௌஸுக்கு வேலையில்லை. டேப் விசையைத் தட்டித் தட்டி ஒவ்வொரு பொத்தானாக நகர்வார்கள். எச் விசையைத் தட்டினால் அடுத்த தலைப்புக்குத் தாவும். பழகியவர் குரலின் வேகத்தைக் கூட்டி வைத்திருப்பார். பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும் நமக்கு அதில் ஒரு சொல்கூடப் புரியாது.

வலைத்தளம் செய்தவர் பொத்தானுக்குப் பெயர் எழுதாமல் படத்தை மட்டும் வைத்திருந்தால், குரல் 'பட்டன்' என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். எதற்கான பட்டன்? பணம் செலுத்தவா, ரத்து செய்யவா? தமிழில் இன்னொரு இடைஞ்சலும் சேர்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த தமிழ், கண்ணுக்குத்தான் தமிழ். கணினிக்கு அது ஆங்கில எழுத்து. 'அம்மா' என்று நாம் பார்ப்பதை எழுத்தெழுத்தாக வாசிக்கச் சொன்னால் 'எம், கே, செமிகோலன், கே, எச்' என்று சொல்லும். 2010இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. அதன் பிறகும் பாமினியில் தயாரிக்கும் பாடக் குறிப்புகளும் சுற்றறிக்கைகளும் நின்றபாடில்லை. ஒரு பயிற்சி மையம் தன் பாடங்களை யூனிகோடுக்கு மாற்றுவது செலவில்லாத வேலை. அதைச் செய்யாமல் பார்வையற்ற மாணவருக்குக் கணினி கற்றுத்தருகிறோம் என்பதில் பொருளில்லை.

செவித்திறன் குறைந்தவர்களிடம் பிரச்சினை வேறு. சைகை மொழியில் சிந்திக்கும் ஒருவருக்குத் தமிழே இரண்டாம் மொழி, ஆங்கிலம் மூன்றாவது. நிரல் எழுதும் தர்க்கம் அவருக்கு எளிது. அதை விளக்கும் ஆங்கிலப் பத்திதான் சுவர். தேர்வில் அவர் தோற்பது ஆங்கிலத்தில், கணினியில் அல்ல. இந்திய சைகை மொழிக்கான தேசிய மையம் 2015இல் தான் அமைந்தது. சைகை மொழி தெரிந்த கணினிப் பயிற்றுநரைத் தென்காசியில் தேடிப் பாருங்கள். அந்தத் தேடலே நிலைமையைச் சொல்லிவிடும்.

பயிற்சியை வேலையோடு பிணைத்த ஊர்கள் உண்டா? இரண்டைச் சொல்கிறேன். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஐ.பி.எம். நிறுவனம் ஒரு மறுவாழ்வு மையத்தோடு சேர்ந்து கடும் உடல் பாதிப்பு உள்ளவர்களுக்கு நிரலாக்கம் கற்றுத் தந்தது. கட்டைவிரல் கூட அசையாதவர்கள் வாயில் குச்சியைக் கவ்வித் தட்டச்சு செய்த காலம் அது. அங்கே பாடத்திட்டத்தை முடிவு செய்தது மையம் மட்டும் அல்ல. உள்ளூர் நிறுவனங்களின் கணினித் துறை மேலாளர்கள் ஒரு ஆலோசனைக் குழுவாக அமர்ந்தார்கள். எதைக் கற்றுத்தர வேண்டும், எந்த அளவு தேறினால் வேலைக்குத் தகுதி என்று அவர்களே சொன்னார்கள். மாணவர்களை நேர்காணல் செய்தார்கள். நாளைக்கு வேலை கொடுக்கப் போகிறவர் இன்றைக்கே வகுப்பறைக்குள் வந்துவிட்டார். பழைய வேலைக்குப் பயிற்சி தரும் தவறு அங்கே நிகழ வாய்ப்பு குறைவு.

இன்னொன்று ஜப்பானின் பெப்பு. வெந்நீர் ஊற்றுகளுக்காக மக்கள் குளிக்க வரும் சுற்றுலா ஊர் அது. குற்றாலத்துக்காரர்களுக்கு அந்த ஊரின் சாயல் உடனே புரியும். எலும்பு மருத்துவர் யுதாகா நகமுரா 1965இல் அங்கே 'தாய்யோ நோ இயே' என்ற மையத்தைத் தொடங்கினார். தருமம் வேண்டாம், வாய்ப்புக் கொடுங்கள் என்பதே அதன் கொள்கை. முதலில் மூங்கில் வேலை, மரவேலை என்றுதான் போனது. 1972இல் ஓம்ரான் நிறுவனம் அந்த மையத்தோடு பங்கு சேர்ந்து ஒரு தொழிற்சாலையை அமைத்தது. 1978இல் சோனி, 1981இல் ஹோண்டா. ஒரு கையால் வேலை செய்பவருக்கு ஏற்றபடி பொருளைப் பிடித்துக்கொள்ளும் கருவி, சக்கர நாற்காலி உயரத்துக்கு மேசை என்று இயந்திரத்தை ஆளுக்கு ஏற்ப மாற்றினார்கள். ஆளை இயந்திரத்துக்கு ஏற்ப மாற்றும் முயற்சியில் ஆண்டுகள் வீணாகவில்லை.

இந்தியாவிலும் முன்மாதிரி இல்லாமல் இல்லை. பெங்களூரில் 1999இல் சாந்தி ராகவனும் தீபேஷ் சுதாரியாவும் தொடங்கிய எனேபிள் இந்தியா, சாந்தியின் தம்பி பார்வையை இழந்ததிலிருந்து பிறந்தது. அதே நகரில் 2006இல் தொடங்கிய விந்தியா, ஊழியர்களில் பெரும் பகுதியினரை மாற்றுத்திறனாளிகளாகக் கொண்டே தொழில் நடத்தும் நிறுவனம். ஆனால் இவை பெருநகரத்தில் இருப்பவை. தென்காசிப் பிள்ளை பெங்களூர் போய்த் தங்கி, துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு வேலை பார்ப்பது எல்லாருக்கும் ஆகிற காரியமில்லை.

தென்காசியின் அதிர்ஷ்டம், நகரத்துக்குப் போகாமலே வேலை இங்கே வந்திருப்பது. அதோடு இன்னொன்றும் வந்திருக்கிறது. 2005இல் சென்னையில் தொடங்கிய ஜோஹோவின் பயிற்சிப் பள்ளி பிறகு தென்காசிக்கும் விரிந்தது. கல்லூரிப் பட்டம் கேட்காது. பள்ளிப் படிப்பு முடித்தவர்களை எடுத்து, கட்டணம் வாங்காமல், உதவித்தொகை கொடுத்து, செய்யப் போகும் வேலையையே கற்றுத்தருகிறது. பட்டம் வாங்க முடியாமல் போவதற்கு மாற்றுத்திறனாளிகளுக்கு இருக்கும் காரணங்கள் அனேகம்: படி, பஸ், கழிப்பறை, அறுவை சிகிச்சைக்குப் போன ஒரு வருஷம். பட்டம் கேட்காத பள்ளி என்ற இந்த முறை யாருக்காவது மிகவும் பொருந்தும் என்றால் அவர்களுக்குத்தான். மத்தளம்பாறையில் இருக்கும் முறையும் ஆய்க்குடியில் இருக்கும் உடல் பராமரிப்பு அறிவும் ஒரே மேசைக்கு வந்தால், வர்ஜீனியாவும் பெப்புவும் செய்ததைத் தென்காசி செய்யலாம்.

கற்றுத்தர என்ன இருக்கிறது என்ற கேள்விக்கும் இப்போது விடை இருக்கிறது. வலைத்தளமும் செயலியும் மாற்றுத்திறனாளிகளுக்குப் பயன்படும்படி இருக்கிறதா என்று சோதிப்பது இன்று தனித் தொழில். உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் ராஜீவ் ரத்தூரி வழக்கில் அணுகல் விதிகள் விருப்பத்துக்கு விட்டவையாக இருக்க முடியாது, கட்டாயமாக வேண்டும் என்றது. 2025 ஏப்ரலில் பிரக்யா பிரசூன் வழக்கில் டிஜிட்டல் சேவைகளை அணுகும் உரிமை, வாழும் உரிமையின் பகுதி என்றது. கண்ணை இமைத்துக் காட்டச் சொல்லும் வங்கி கே.ஒய்.சி. முறை, அமிலவீச்சில் கண் பாதித்தவரை வெளியே தள்ளுகிறது என்பதே வழக்கின் மூலம். அதே ஆண்டு ஜூன் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் அணுகல் சட்டமும் நடைமுறைக்கு வந்துவிட்டது. அந்தச் சட்டத்தின் வரம்புக்குள் வரும் பொருள்களையும் சேவைகளையும் ஐரோப்பாவில் விற்கும் இந்திய நிறுவனங்களுக்கும் அது பொருந்தும். என்.வி.டி.ஏ.வை நாள் முழுக்கக் கேட்டு வாழும் ஒருவர் கண்டுபிடிக்கும் பிழையைப் பார்வையுள்ள சோதனையாளர் கண்டுபிடிக்கவே மாட்டார். உடல்நிலை இங்கே குறையல்ல, தொழில் தகுதி. ஆய்க்குடியே இதில் ஓர் எடுத்துக்காட்டு: வளர்ச்சிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்குக் கிராமத்துப் பணியாளர்கள் வீட்டிலேயே சிகிச்சை தருவதற்கான 'எனேபிளிங் இன்க்ளூஷன்' என்ற செயலியை, சக்கர நாற்காலியில் இருக்கும் இருவர் எழுப்பிய அமர் சேவா சங்கம் உருவாக்கியது. அந்தச் செயலியின் துணையோடு சிறுவயதில் தரும் சிகிச்சை பதினைந்து ஆண்டு கழித்துத் தொழிற்பயிற்சிக்கு வருபவரின் கையசைவைத் தீர்மானிக்கிறது. பயிற்சி அங்கே தொடங்குகிறது, பதினெட்டு வயதில் அல்ல.

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11.79 லட்சம் பேர். 2018இல் நடந்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில், நாடு முழுவதும் பதினைந்து வயதுக்கு மேற்பட்ட மாற்றுத்திறனாளிகளில் வேலையில் இருந்தோ வேலை தேடியோ இருந்தவர்கள் சுமார் 24 விழுக்காடு. பொது மக்களில் அதே காலத்தில் ஏறக்குறைய பாதிப் பேர். மாற்றுத்திறனாளிகளில் மீதியுள்ளவர்கள் வேலையிலும் இல்லை, வேலை தேடவும் இல்லை. 2015இல் மத்திய அரசு 2022க்குள் 25 லட்சம் மாற்றுத்திறனாளிகளுக்குத் திறன் பயிற்சி என்று இலக்கு வைத்தது. தலையை எண்ணி நிதி கொடுத்தால் மையங்கள் தலையைத்தான் எண்ணும். பயிற்சி முடிந்து ஓராண்டு கழித்து அதே வேலையில் இருக்கிறாரா என்பதை எண்ணியிருந்தால் இந்த நாட்டில் பாடத்திட்டங்களே மாறியிருக்கும்.

சட்டம் தனியார் நிறுவனங்களைப் பற்றியும் பேசுகிறது. 2016 சட்டத்தின் 35ஆம் பிரிவு, தனியார் துறையில் ஐந்து விழுக்காடு பேராவது மாற்றுத்திறனாளிகளாக இருக்கும்படி அரசு ஊக்கத்தொகை தரவேண்டும் என்கிறது. 2017 விதிகளின்படி இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட்டு, தொடர்பு அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில அரசின் 'உரிமைகள்' திட்டத்துக்கு உலக வங்கி 2022இல் 16.2 கோடி டாலர் கடன் ஒப்புதல் அளித்தது. பணமும் சட்டமும் இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

ஆகவே தென்காசி மாவட்டத்தில் இருபது பேருக்கு மேல் வேலைக்கு வைத்திருக்கும் ஒவ்வொரு நிறுவனத்தையும் கேட்டுக்கொள்கிறேன். மென்பொருள் நிறுவனம் என்றில்லை. மருத்துவமனை, ஜவுளிக்கடை, கூட்டுறவு வங்கி, தனியார் பள்ளி எதுவானாலும் சரி. உங்கள் அலுவலகத்தில் கணினியில் நடக்கும் வேலைகளை ஒரு தாளில் எழுதுங்கள். உங்கள் கழிப்பறைக் கதவின் அகலத்தை அளந்து அதன் கீழே எழுதுங்கள். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அடுத்த பயிற்சி அணி தொடங்கும் முன்பே பயிற்சி மையத்துக்குப் போய், பாடத்திட்டம் எழுதும் இடத்தில் உட்காருங்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இப்படி ஒரு குழுவைக் கூட்டினால் நல்லது. கூட்டாவிட்டாலும் நீங்கள் போகலாம்.